கருகிய கம்பியின் வாசனை

குடிநீரைச் சுத்தம் செய்யும் பெட்டி ஒன்றைச் சமையலறைச் சுவரில் மாட்டுவதற்காகச் சென்ற மாதம் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த இளைஞர், நான்கு துளைகளில் மூன்றைச் செவ்வனே முடித்து, நான்காவதில் தம் ட்ரில் மிஷினைத் தோள்பலம் முழுவதும் கொடுத்து அழுத்திக்கொண்டிருந்த தருணத்தில், அந்த யந்திரத்தின் காற்றுத் துவாரங்கள் வழியே மெல்லிய வெண்புகை கிளம்பிற்று. ஓசை ஒரு கணம் தாழ்ந்து, முனகலாகி, நின்றேவிட்டது. "போயிருச்சு சார்" என்றார் அவர். அந்தக் குரலில் வருத்தம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. ஆயிரத்து நானூறு ரூபாய்க்குக் கைபேசி மூலம் வரவழைத்தாராம். எட்டு மாதம் ஓடிவிட்டதாம். போட்ட காசை எப்போதோ எடுத்தாயிற்றாம். என் மனைவி விரைந்து வந்து ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டாள். நானோ, அந்தப் புகை வெளியேறுவதற்குள் இன்னும் ஒரு முறை மூச்சை இழுத்துக்கொண்டேன்.

வார்னிஷ் கருகிச் செம்புக் கம்பி காய்ந்து எழுகின்ற அந்த வாசனையை நறுமணம் என்று எவரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆயினும், சிலருக்குத் தாழம்பூவும் சிலருக்குக் கற்பூரமும் பால்ய காலத்தைக் கொண்டுவந்து நிறுத்துவதுபோல, எனக்கு அந்தக் கருகல் வாசனைதான் என் தகப்பனாரையும், மாலை மங்கிய பிறகு அவர் குனிந்து அமர்ந்திருந்த எங்கள் பின்தாழ்வாரத்தையும், ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் சாக்கு விரிப்பின்மேல் உட்கார்ந்து மோட்டார்களுக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்த ஒரு மனிதரையும் கண்முன் கொண்டுவரும்.

என் தகப்பனார் பஞ்சாலை பிட்டர். 1936 இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா அவர்கள் ராஜபாளையம் மில்லைத் தோற்றுவித்து, அதைத் தொடர்ந்து ஆலைகள் ஒவ்வொன்றாகப் பெருகிய பிறகு, எங்கள் ஊரில் சேவல் கூவிப் பொழுது விடிந்தது என்பதைக் காட்டிலும் ஆலைச் சங்கு ஊதிப் பொழுது விடிந்தது என்பதே பொருந்தும். தெருவில் வீட்டுக்கு ஒருவராவது ஷிப்டுக்குப் போகிறவராக இருப்பார். என் தகப்பனார் வேலை பார்த்தது வேறோர் ஆலை. பகலெல்லாம் பிறருடைய யந்திரங்களுக்கு எண்ணெயிட்டும் பல்சக்கரம் மாற்றியும் உழைத்த அவருக்கு, தமக்கென்று ஒரு யந்திரம் வேண்டும் என்ற ஆசை வெகு நாளாக உள்ளூர இருந்திருக்க வேண்டும். ஏனெனில் ஆலையில் கழித்துப் போட்ட தளவாடங்களை ஏலம் விட்ட ஒரு நாளில், வீட்டில் ஒரு வார்த்தை கலக்காமல், சம்பளக் கவர் பிரிபடுவதற்கு முன்னமே அதிலிருந்து பெரும்பகுதியைக் கொடுத்து மின்சாரத் துரப்பணம் ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அன்று இரவு எங்கள் வீட்டில் நடந்த சம்பாஷணையை இங்கே விஸ்தரிப்பதற்கில்லை. மூன்று நாள் அம்மா அவரோடு பேசவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அலுமினிய உடம்பும் பக்கவாட்டில் ஒரு கைப்பிடியுமாக அந்த யந்திரம் ஐந்து கிலோ எடைக்குக் குறையாது. பெயர் பொறித்த தகட்டின் எழுத்துகள் பல பேர் கைபட்டுத் தேய்ந்து, இங்கிலாந்து என்ற ஒரு சொல்லே மிஞ்சியிருந்தது. அதைச் செய்த கம்பெனி எதுவென்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது. விரலால் அழுத்தும் விசையும் பிடியும் துப்பாக்கியைப்போல் இருந்தமையால், தெருப் பிள்ளைகளுக்கிடையே அதற்குத் துப்பாக்கி மிஷின் என்றே பெயர். அந்தப் பெயர் அவ்வளவு பிசகானதல்ல என்பதைப் பிற்காலத்தில் படித்தறிந்தேன். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்து ஃபைன் கம்பெனியார் 1895 இல் முதல் மின்சாரக் கைத்துரப்பணத்தைச் செய்தார்கள் என்றும், அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் பிளாக், டெக்கர் என்ற இரண்டு கூட்டாளிகள் துப்பாக்கிப் பிடியையும் விசையையும் அதற்குப் பொருத்தி 1917 இல் காப்புரிமை பெற்றார்கள் என்றும் வரலாறு கூறுகிறது. அதற்கு முன்பெல்லாம் எங்கள் ஊர் ஆசாரிகள், வில்லின் கயிற்றைத் தமரில் சுற்றி முன்னும் பின்னும் இழுத்துத்தான் மரத்தில் துளையிட்டார்கள். தெருக்கோடியில் இருந்த ஆசாரி ஒருவர், தம் பாட்டனார் காலத்து இழைப்புளியை அதன் கட்டையை மட்டும் இரண்டு முறை மாற்றி இன்னும் இழைத்துக்கொண்டிருந்தார். எங்கள் யந்திரத்தைக் காண வந்த அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "இதுக்கு எத்தன தலைமுறைக்கு ஆயுசு?" என்று கேட்டார். ஓர் ஆயுதத்தைக் குறித்து அவர் கேட்கத் தெரிந்த கேள்வி அது ஒன்றே. அவரே தேக்கில் ஒரு பெட்டி செய்து கொடுத்தார். ஆயுத பூஜையன்று அந்தப் பெட்டியின் மூடி திறந்து, சந்தனமும் குங்குமமும் வைத்த துரப்பணம் பொரிகடலைக்கு நடுவே வீற்றிருக்கும்.

யந்திரம் வந்துவிட்டது, அதை ஓட்டுவதற்குரிய மின்சாரம்தான் பொழுதோடு வருவதாயில்லை. பைக்காராவில் 1932 இலும் பாபநாசத்தில் 1944 இலும் நீர்மின்சாரம் தோன்றித் தென்மாவட்டங்களில் கம்பி பரவியதெல்லாம் உண்மையே. ஆயினும் மாலை ஆறு மணிக்குமேல் ஊர் முழுவதும் விளக்கேற்றி, தோட்டங்களில் பம்புசெட்டுகளும் ஓடத் தொடங்கியதும், எங்கள் வீட்டுப் பல்பு ஒரு சிவந்த நூலாகச் சுருங்கிவிடும். 230 வோல்ட் என்பது பாடப்புத்தகத்தில் படித்த சங்கதி. அந்த நேரத்தில் துரப்பணத்தை ஓட்டினால் அது மாட்டைப்போல முனகும். வேகம் குறைந்தால் உள்ளே இருக்கும் விசிறி சுழன்று காற்றை இழுப்பதும் குறையும். ஆனால் துளையிடுகின்ற பாரம் குறையாதாகையால் கம்பி காய்ந்து வார்னிஷ் இளகும். இதை ஒரு முறை காயில் கருகிய பிறகே தகப்பனார் அறிந்துகொண்டார். அது முதல், ஊர் அடங்கி வோல்டேஜ் நிமிர்ந்த பிறகு, இரவு பத்து மணிக்கு மேல்தான் எங்கள் வீட்டில் துளையிடும் வேலை நடக்கும். அடுத்த வீட்டுப் பாட்டி, "ராத்திரியில மிஷினு ஓட்டுறது மில்லுக்குப் பத்தாதா, வீட்டுக்கும் வேணுமா" என்று சுவருக்கு அப்பாலிருந்து கேட்பாள். தகப்பனார் அதற்குப் பதில் சொல்லாமல் இன்னும் ஒரு துளையை வேகமாகப் போடுவார்.

உலோக உடம்பாகையால் அது அவ்வப்போது ஷாக்கும் அடிக்கும். முதல் முறை அடிபட்டவர் என் சித்தப்பா. ஈரக் காலோடு வந்து தொட்டவர் துள்ளிப்போய்த் துளசி மாடத்தின்மேல் விழுந்தார். யந்திரம் அவருக்கு முன்னால் தரையில் விழுந்து சுழன்றுகொண்டே இருந்தது. அதன்பின் தகப்பனார் கொல்லையில் தென்னைக்கு அருகே ஆழமாகக் குழி தோண்டி, இரும்புக் குழாயை இறக்கி, உப்பும் அடுப்புக்கரியும் மாறிமாறிப் போட்டு மூடி எர்த் கொடுத்தார். அந்தக் குழி காய்ந்துபோனால் பிரயோஜனம் இல்லை என்று அவர் சொன்னதைக் கேட்டு, அன்றுமுதல் துளசிக்கு ஊற்றிய செம்பில் மிஞ்சும் நீரை அம்மா அந்தக் குழாயில் ஊற்றத் தொடங்கினாள். நாளடைவில் அது நித்திய கர்மமாகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் குழாயின் வாயில் சிறிது மஞ்சள் தடவியிருப்பதைக்கூட நான் கண்டதுண்டு. இக்காலத்துத் துரப்பணங்களின் பிளாஸ்டிக் உடம்பில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரமாகக் குறி இருக்கும். இரட்டைக் காப்பு உடையது, எர்த் வேண்டியதில்லை என்று அதற்கு அர்த்தம். தகப்பனார் இதை இறுதிவரை நம்பவில்லை. பிளாஸ்டிக் என்றால் அவருக்குக் குழந்தைகளின் கிலுகிலுப்பை ஞாபகம்தான்.

எங்கள் தெருவில் மட்டுமல்ல, பஞ்சு மார்க்கெட்டிலிருந்து சங்கரன்கோவில் முக்கு வரையில் அந்த யந்திரத்துக்குக் கியாதி இருந்தது. ஊஞ்சல் கொக்கிக்கு உத்தரத்தில் துளை வேண்டுமா, கிணற்று மோட்டாருக்கு அடியில் இரும்புச் சட்டம் பூட்ட வேண்டுமா, பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் ஏதேனும் தகடு மாற்ற வேண்டுமா, ஆள் வந்துவிடும். இரவல் கேட்பதற்கு ஒரு மரியாதை இருந்தது. முதல் நாள் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள், மறுநாள் வாங்கிப்போவார்கள், திருப்பிக் கொடுக்கும்போது வெறுங்கையோடு வந்தவர் எவரும் இல்லை. மாங்காய்க் காலமானால் ஒரு கூடைச் சப்பட்டை, மற்றக் காலங்களில் இரண்டு தேங்காய், ஒரு முறை ஒரு ராஜபாளையம் நாய்க்குட்டி. அந்த வெள்ளைக் குட்டி பதின்மூன்று வருஷம் எங்கள் வீட்டில் வாழ்ந்து, துரப்பணம் சத்தமிடும்போதெல்லாம் தானும் சேர்ந்து ஊளையிட்டது. பணம் கொடுக்க முன்வந்தவர்களிடம் மட்டும் தகப்பனாருக்கு மனஸ்தாபம் ஏற்படும். இன்று என் தெருவில் எண்ணிப் பார்த்தால் ஏழெட்டு வீடுகளிலாவது துரப்பணம் இருக்கிறது. அலமாரியின் மேல்தட்டில் அட்டைப் பெட்டியோடு உறங்கும் அவற்றில் பெரும்பாலானவை வருஷத்துக்குச் சில நிமிஷங்கள் சுழன்றால் அதிகம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஜபாளையத்திலும் காயில் கட்டுகிறவர்கள் இல்லாமலில்லை. ஆனால் அவர்கள் பெரிய மோட்டார்களுக்குப் பழகியவர்கள். துரப்பணத்தின் ஆர்மேச்சர் சிறு கத்திரிக்காய் பருமனே இருக்கும். அதில் மயிரிழைபோன்ற கம்பியைப் பல சுற்றுகள் கட்டி, ஒவ்வொரு முனையையும் செம்புப் பட்டைகளில் தவறாமல் பற்றவைப்பதற்குக் கண்ணும் பொறுமையும் ஒருங்கே வேண்டும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் யந்திரத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, பதினோரு கிலோமீட்டர் பஸ் பிரயாணம் செய்து, 11 நிலை ராஜகோபுரம் ஆகாயத்தில் எழுந்து தெரியும் இடத்தில் இறங்குவோம். ஆண்டாளைச் சேவித்துவிட்டுத்தான் சந்துக்குள் நுழைவது வழக்கம். திரும்பும்போது தகப்பனார் மந்தாரை இலையில் கட்டிய பால்கோவா வாங்கிக் கொடுப்பார் என்பதனால், யந்திரம் அடிக்கடி பழுதாக வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதுண்டு.

காயில் கட்டும் அந்த மனிதருடைய பட்டறை எட்டடிக்கு எட்டடி. மேலே கயிற்றில் காய்ந்த கருவாட்டைப்போலப் பழைய காயில்கள் தொங்கும். தகப்பனார் யந்திரத்தைக் கொடுத்ததும் அவர் அதைப் பிரிக்கமாட்டார். முதலில் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். "அண்ணாச்சி, இது லோடு இல்ல. கரன்ட் கொறஞ்ச நேரத்துல ஓட்டியிருக்கீய" என்பார். இன்னொரு தடவை, "கம்பி நல்லாத்தான் இருக்கு, கார்பன் தேஞ்சு பொறி அடிச்சிருக்கு" என்பார். பிரித்துப் பார்த்தால் அவர் சொன்னபடியே இருக்கும். தகப்பனார் வியப்பை வெளியில் காட்டாமல், "நீ சொன்னா சரிதான் தம்பி" என்று ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்வார். பிறகு, கம்பி சுற்றி மின்சாரம் கொடுத்த இரும்புத் தாங்கல் ஒன்றின்மேல் ஆர்மேச்சரைக் கிடத்தி, உடைந்த ரம்பப் பிளேடு ஒன்றை அதன் முதுகில் மெல்ல வைத்து உருட்டுவார். பழுதில்லாத இடத்தில் பிளேடு சும்மா இருக்கும். உள்ளே கம்பியும் கம்பியும் ஒட்டிப்போன இடம் வந்ததும் அது கிடுகிடுவென்று நடுங்கி ரீங்காரமிடும். கோடாங்கி உடுக்கை அடித்துக் குறி சொல்வதைக் கண்டவனாகையால், அந்தப் பிளேட்டின் நடுக்கத்தையும் நான் அந்த வகையிலேயே சேர்த்திருந்தேன்.

எரிந்த கம்பியை அவிழ்க்கும்போது சுற்றுகளை வாய்விட்டு எண்ணுவார். எண்ணி முடிக்கும்வரை எவரும் பேசக்கூடாது. பழைய கம்பியைத் தராசில் நிறுத்து, அதே எடைக்குப் புதுக் கம்பியை நிறுத்து எடுப்பார். கட்டி முடித்து வார்னிஷில் முக்கியதைத் தகரப் பெட்டிக்குள் 200 வாட் பல்பு எரியவிட்டு ஓர் இரவு முழுவதும் காயவைப்பார். ஆதலால் ஒரு பழுதுக்கு இரண்டு பிரயாணம். ஆடிப்பூரத்தை ஒட்டிக் கடை திறக்கவே மாட்டார். தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களில் அவருடைய தமையனாரும் ஒருவராம். வடத்தில் தாமும் கை வைக்காமல் எந்த மோட்டாருக்கும் கம்பி கட்டுவதில்லை என்பார்.

எந்த யந்திரம் நீடித்து உழைக்கும் என்று அவரிடம் கேட்காதவர்கள் இல்லை. அவர் கம்பெனியின் பெயரைச் சொல்லமாட்டார். மூன்று இடங்களைக் காட்டுவார். தண்டின் இரு முனைகளிலும் பால் பேரிங் இருக்கிறதா, வெறும் புஷ் இருக்கிறதா என்பது ஒன்று. புஷ் தேய்ந்தால் தண்டு ஆடும், ஆடினால் ஆர்மேச்சர் வெளிக்காயிலில் உராயும், உராய்ந்தால் கதை முடிந்தது. பல்சக்கரத்தை மூடியிருக்கும் கூடு உலோகமா என்பது இரண்டாவது. மூன்றாவதைத்தான் அவர் பிரதானமாகக் கருதினார்: கார்பனை மாற்றுவதற்கு வெளியிலேயே திருகு மூடி இருக்கிறதா, அல்லது உடம்பு முழுவதையும் பிளக்க வேண்டுமா? மூடி வெளியில் இருந்தால், "செஞ்சவன் திரும்பப் பாக்குறதுக்கு வழி வச்சிருக்கான்" என்று சொல்வார். பெரிய சர்வகலாசாலைகளில் யந்திரக்கலை கற்று வந்த என் நண்பர்கள் பலரிடம் பிற்காலத்தில் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். இதைவிடத் தெளிவான பதில் கிடைத்ததில்லை.

நான் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு எங்கள் வீட்டுக்கு வேறு யந்திரங்களும் வந்தன. பம்பாய் முலுண்டில் செய்த ராலிவுல்ஃப் அந்நாளில் பட்டறைக்காரர்களின் அந்தஸ்துக்கு அடையாளம்; எங்கள் வட்டாரத்து வெல்டிங் கடைகளில் அதன் பெயரையே துரப்பணத்துக்குப் பொதுப்பெயராக வழங்கியவர்களும் உண்டு. கோலாப்பூர் ஜில்லாவில் சிரோல் என்ற சிற்றூரிலிருந்து கே.பி.டி. யந்திரங்கள் வந்து சேர்ந்தன. 1951 இல் பெங்களூரில் மைக்கோ என்ற பெயரில் வேரூன்றிய போஷ் கம்பெனியின் நீலத் துரப்பணம் ஒன்றை மதுரையில் வாங்கினேன். இந்தக் கம்பெனியார் தொழிலாளிகளுக்கு நீலமும் வீட்டுக்காரர்களுக்குப் பச்சையுமாக இரண்டு நிறத்தில் யந்திரங்கள் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சற்று வியப்பாகவே இருந்தது. எத்தனை மணி நேரம் உழைக்கப்போகிறது என்பதைக் கணக்கிட்டு ஆயுளை முன்கூட்டியே அளந்து கொடுக்கும் சாமர்த்தியம் நம் ஆசாரிக்குத் தெரியாததல்லவா? அந்த நீல யந்திரம் இருபது வருஷத்துக்குமேல் உழைத்தது. இரண்டு முறை கார்பன் மாற்றியதைத் தவிர அதற்கு நான் செலவு செய்ததில்லை. சென்ற வருஷம் என் மகன் ஹைதராபாத்துக்குக் குடிபோனபோது அதைக் கையோடு கொண்டுபோய்விட்டான்.

மின்கலத்தில் ஓடும் யந்திரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானில் மகிட்டா கம்பெனியார் 1969 இலேயே கம்பியில்லாத் துரப்பணத்தைச் செய்துவிட்டார்களாம். நம் வீடுகளுக்கு அது வந்தது லித்தியம் வந்த பிறகுதான். ஒன்று வாங்கினேன். கைக்கு அடக்கமாகவும், ஒயர் காலைத் தடுக்காமலும், பொறியோ புகையோ வாசனையோ எதுவுமின்றியும் அது வேலை செய்த அழகைக் கண்டு, தகப்பனார் இருந்து பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று மனம் கசிந்தேன். நான்காவது வருஷம் அதன் மின்கலம் உயிர்விட்டது. புதிய மின்கலம் கேட்டுச் சென்றால், அந்த மாதிரி வழக்கொழிந்துவிட்டது, புதிய மாதிரியின் மின்கலம் இதில் பொருந்தாது என்றார்கள். எந்தக் கம்பெனி என்று சொல்வது நாகரிகமல்ல. மோட்டாரும் பல்சக்கரமும் புத்தம் புதிதுபோல இருக்க, சாப்பாடு ஊட்டுவாரின்றி அந்த யந்திரம் இன்னும் என் மேஜை அறையில் கிடக்கிறது.

தகப்பனார் காலமான பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியில் நீளவாட்டு நோட்டு ஒன்று கிடைத்தது. துரப்பணத்தின் வரவுசெலவு முழுவதும் அதில் இருந்தது. ஏலத்தில் எடுத்தது 120 ரூபாய். அதன்பின், ஆர்மேச்சர் மூன்று முறை, வெளிக்காயில் ஒரு முறை, பேரிங் இரண்டு ஜோடி, சக் ஒன்று, விசை இரண்டு, ஒயர் எத்தனையோ கெஜம், பஸ் சார்ஜ், தனியாக ஒரு பத்தியில் "பையனுக்குப் பால்கோவா". கூட்டிப் பார்த்தேன்: 611 ரூபாய். காலத்துக்குக் காலம் ரூபாயின் மதிப்பு வேறுபடுமாகையால் அந்தக் கூட்டலுக்கு முழு அர்த்தம் இல்லையென்று அறிவேன்; இருந்தாலும், சாகாவரம் பெற்றது என்று உற்றார் உறவினரெல்லாம் கொண்டாடிய அந்த யந்திரத்தில், அலுமினியக் கூட்டையும் இங்கிலாந்து என்ற எழுத்தையும் பல்சக்கரங்களையும் விட்டால் ஏலத்தில் வந்த அசல் சரக்கு வேறொன்றும் மிஞ்சியிருக்கவில்லை என்பது அந்த நோட்டைப் புரட்டியபோதுதான் எனக்குப் புலப்பட்டது. அந்தக் காலத்துச் சாமான்போல வருமா என்று பெருமூச்சு விடுகிறவர்கள் கூட்டத்தில் நானும் ஒருவனாக இருந்தேன். நோட்டைப் படித்தபின் என் பெருமூச்சு சற்றே குறுகிவிட்டது. வருஷத்துக்குப் பத்துத் துளை போடும் வீட்டுக்காரர் ஆயிரத்து நானூறு ரூபாய் யந்திரத்தை வாங்கினால் அவரை அவிவேகி என்று நான் சொல்லமாட்டேன். தினம் முப்பது துளை போட்டுப் பிழைக்க வேண்டிய இளைஞர் அதையே வாங்குவதுதான் எனக்குச் சங்கடமாயிருக்கிறது. அவரிடம் இருந்த முதல் அவ்வளவுதான் என்றால் அதற்கு நான் என்ன சொல்ல முடியும்?

சமையலறைச் சுவரில் நான்காவது துளை பாக்கியிருந்தது. புகை கலைந்ததும் எனக்கு ஒரு வீறாப்புப் பிறந்தது. "இருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, பரண்மேல் இருந்த தேக்குப் பெட்டியை இறக்கச் செய்து, துணி நீக்கி, பிளக்கைச் செருகி விசையை அழுத்தினேன். பத்து வருஷத் தூக்கத்துக்குப் பிறகும் அது ஒரு பொறி தெறிக்கக் கர்ஜித்து எழுந்தது. இளைஞர் இரண்டடி பின்வாங்கினார். என் மனைவி, "எர்த் இருக்கா?" என்று வாசற்படியில் நின்று கேட்டாள். இருவரையும் கையமர்த்திவிட்டு, இளைஞரின் பிட்டையே மாட்டி, நெஞ்சால் அழுத்திக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிஷம் சென்று எடுத்துப் பார்த்தால், சுவரில் ஒரு காசு அளவுக்குப் பளபளப்பாக மெருகேறியிருந்ததே தவிரத் துளை விழவில்லை.

"இதுல ஹேமர் கிடையாது சார்" என்றார் இளைஞர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

உண்மைதான். சுழல்வதோடு முன்னும் பின்னும் இடித்துக்கொண்டே செல்லும் வித்தை அந்த யந்திரத்துக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. தகப்பனார் காலத்து வீட்டுச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். அதில் உளியால் குடைந்து மரமுளை அடிப்பதே வழக்கம். துரப்பணத்தின் வேலை மரத்திலும் இரும்பிலும்தான். நான் கட்டிய இந்த வீட்டின் சமையலறையிலோ, நான்காவது துளை விழ வேண்டிய இடத்தில் கான்கிரீட் தூண் நிற்கிறது. இளைஞரின் மிஷின் கருகியதும் அந்தத் தூணில்தான்.

அடுத்த வீட்டில் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். தன் வீட்டு வேலைகளைத் தானே செய்துகொள்வதில் அபிமானம் உடையவள். அவளிடம் கேட்கும்படி மனைவியை அனுப்பினேன். மின்கலத்தில் ஓடுகின்ற ஒரு ஹேமர் ட்ரில்லோடு அவளே வந்து, ஒரு நிமிஷத்தில் துளையைப் போட்டு, விழுந்த தூளையும் கையோடு துடைத்துவிட்டுப் போனாள்.

கருகிய யந்திரத்தை இளைஞர் குப்பைத் தொட்டிக்கு அருகில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அன்றிரவு அதைத் திறந்தேன். பின்முனையில் பேரிங் இல்லை, புஷ்தான். கார்பனுக்கு வெளி மூடி இல்லை. பல்சக்கரக் கூடு மட்டும் உலோகம். மூன்றில் ஒன்றாவது தேறிற்றே என்று ஆறுதலடைந்தேன். மறுநாள் மஞ்சள் பை ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன். சந்து இருக்கிறது, பட்டறையும் இருக்கிறது, சாக்கு விரிப்புக்குப் பதில் நாற்காலி, எதிரே மிக்ஸி, கிரைண்டர்களின் வரிசை. உட்கார்ந்திருப்பவர் அவருடைய மகன்; அவருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. நான் யாரென்று சொல்லவில்லை. ஆர்மேச்சரை வாங்கியவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"லோடு" என்றார்.

பிறகு கயிற்றில் தொங்கிய ஒரு காயிலை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்துக்கொண்டே, "கட்டலாம் சார். ஐந்நூறு ரூபாய் ஆகும். புதுசே ஆயிரத்துச் சொச்சத்துக்கு வருதே, எதுக்கு?" என்று கேட்டார். அந்தப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை வரச் சொன்னார். தேரடிக்குத் திரும்பி வந்து அரைக்கிலோ பால்கோவா இரண்டு பொட்டலம் வாங்கினேன். ஒன்று வீட்டுக்கு, மற்றொன்று அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு. அவள் வாசலில் நின்று அதை வாங்கிக்கொண்டு, "எதுக்கு அங்கிள் இதெல்லாம்? ஒரு ஹோல்தானே போட்டேன்?" என்று திகைத்தாள்.